பழைய ஸ்டீல் வண்டிக்கு ஃபிக்ஸடு ஹப்பு: ரெண்டு தடவ சூடு பட்டு மூணாவதா வாங்கினது

நோவாடெக் ட்ராக் ஹப்பு (ஹப்புன்னா சைக்கிள் சக்கரத்தோட நடுக் குடம்), போக்ஸுக்கு 32 ஓட்ட, 120 எம்எம் அகலம், ஒரு பக்கம் ஃபிக்ஸடு இன்னொரு பக்கம் ஃப்ரீவீல். வாங்கி பதினாலு மாசம் ஆச்சு, சிங்கப்பூர் மழையிலயும் வெயில்லயும் தினமும் வேலைக்குப் போய் வர்ற வண்டி, ஒரு நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். நல்ல ஹப்பு, வாங்கலாம். அவசரமா இருக்கறவங்க இதோட கெளம்பிடலாம். மிச்சப் பேருக்கு, இதுக்கு முன்னாடி ரெண்டு ஹப்புல எப்படி மூக்கறுபட்டேன்னு சொல்றேன், ஏன்னா அது தெரிஞ்சாதான் இந்த ஹப்புல என்ன இருக்குன்னு புரியும்.

வண்டி என்னன்னா, எண்பதுகள்ல வந்த ஜப்பான் ஸ்டீல் ஃப்ரேம், ஸ்டிக்கர் எல்லாம் எப்பவோ உரிஞ்சு போச்சு, கரோசெல்ங்கற செகண்ட் ஹேண்ட் ஆப்ல 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எடுத்தேன். பின்னாடி ஆறு கியரு, டீரெய்லர், அதாவது செயின ஒரு கியர்ல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற கருவி, துரு புடிச்சு அசையவே மாட்டேங்குது. கியரே வேணாம்னு கழட்டி எறிஞ்சுட்டு ஃபிக்ஸியா மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். ஃபிக்ஸடு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஃப்ரீவீல் கெடையாது, பல்சக்கரம் ஹப்போட இறுகிக் கெடக்கும், சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், நீங்க சும்மா கால வெச்சுட்டு உருண்டு போக முடியாது. வேகத்தக் குறைக்கணும்னா கால பின்னாடி அழுத்தணும். அந்த பின்னாடி அழுத்துறதுதான் இந்த மொத்தக் கதையும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

நான் சின்ன வயசுல கும்பகோணம் பக்கம் எங்க மாமாவோட சைக்கிள் கடையிலதான் லீவெல்லாம் கழிச்சவன். பெண்டு எடுக்கறது, கோன் (பேரிங் பால்ஸ புடிச்சு வெக்கிற கூம்பு நட்டு) டைட் பண்றது, ஓவராயில் எல்லாம் கை பழக்கம். அதனால வந்த திமிரு இருக்கே, அதான் மொத ஹப்புக்கு காரணம். வண்டியோட வந்த பழைய ஹப்பு ஃப்ரீவீல் ஹப்பு, மரை போட்டது. அந்த மரை குறுக்களவு 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 சுத்து. ட்ராக் பல்சக்கரத்துக்கும் அதே மரைதான். அப்புறம் என்ன, ஃப்ரீவீல கழட்டிட்டு பல்சக்கரத்த ஏத்திடலாம், அது கழண்டு வராம இருக்க பாட்டம் பிராக்கெட்ல (பெடல் அச்சு உக்கார்ற கூடு) போடுற லாக் ரிங்க மேல இறுக்கிடலாம், அதுவும் அதே 1.37தானே. ஹப்பு செலவு சைபர். மரைய ஒட்டி வெக்கிற பசை, லாக்டைட், வேற ரெண்டு சொட்டு விட்டேன். வீட்டுல இருந்த மாமாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன், அவரு ஒரு நிமிஷம் பாத்துட்டு "மாப்ள, எல்லா மரையும் ஒரே பக்கம்தான போகுது, ஒண்ணு கழண்டா இன்னொண்ணையும் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போயிடும்டா"ன்னாரு. நான் லாக்டைட் இருக்கு மாமான்னேன். அவருக்கு லாக்டைட்னா என்னன்னே தெரியாது, ஆனா அவரு சொன்னதுதான் நடந்துச்சு.

இங்க கொஞ்சம் நின்னு மரையப் பத்திப் பேசணும். முன்னாடி மிதிக்கும்போது செயின் பல்சக்கரத்த இறுக்கற பக்கம்தான் இழுக்கும், அதுல பிரச்சனையே இல்ல. கால பின்னாடி அழுத்துனா செயினோட அடிப்பக்கம் இழுத்து பல்சக்கரத்த கழட்டப் பாக்கும். நெஜமான ட்ராக் ஹப்புல என்ன பண்ணியிருப்பான்னா, பல்சக்கரத்துக்கு வெளிய சின்னதா இன்னொரு படி, அதுல எதிர்ப் பக்கம் சுத்துற மரை, இடது மரை, 1.29 இஞ்ச். லாக் ரிங்கு அதுல உக்காரும். பல்சக்கரம் கழள ஆரம்பிச்சா லாக் ரிங்க தள்ளும், லாக் ரிங்குக்கு அந்தத் திசைதான் இறுகற திசை. திருடன் ஓடப் பாக்க ஓடப் பாக்க கதவு தானா பூட்டிக்கிற மாதிரி. ஃப்ரீவீல் ஹப்புல அந்த இடது மரையே கெடையாது, அதனால லாக் ரிங்கு காவலுக்கு நிக்கல, திருடனோட சேந்து ஓடிடும். இந்த மாதிரி செட்டப்புக்கு வெள்ளக்காரன் வெச்சிருக்கற பேரே தற்கொலை ஹப்புதான், சும்மா வெச்ச பேரு இல்ல.

மூணு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு ஞாயித்துக்கெழம காலையில மவுண்ட் ஃபேபர் குன்னு ஏறி எறங்கும்போது, பாதி எறக்கத்துல கால பின்னாடி அழுத்துனேன், ஒரு "டக்", அப்புறம் பெடல் காத்துல போற மாதிரி லேசாகிடுச்சு. வயித்துல புளியக் கரைச்சுச்சு. முன் பிரேக் இருந்துச்சு, அதப் புடிச்சு நிறுத்திட்டேன், இல்லன்னா இத டைப் பண்ண ஆள் இல்ல. ஃபிக்ஸிக்கு பிரேக் வெச்சா அசிங்கம்னு நெனைக்கிற ஒரு கூட்டம் இருக்கு, சிங்கப்பூர்ல அந்த பேச்சுக்கே இடமில்ல, 2021 செப்டம்பர் 1ல இருந்து ரோட்டுலயும் பொதுப் பாதையிலயும் ஓடுற எல்லா சைக்கிளுக்கும், ஃபிக்ஸியும் சேத்து, வேலை செய்யிற ஒரு கை பிரேக்காவது இருக்கணும்னு சட்டம். சட்டத்துக்காக வெச்ச பிரேக்குதான் அன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு. எறங்கிப் பாத்தா பல்சக்கரமும் லாக் ரிங்கும் ஒண்ணா மரைய விட்டு பாதி வெளிய வந்து நிக்குது, ஹப்போட அலுமினிய மரை பொடியா உதிருது. மரை கழண்ட பயன்னு ஊர்ல திட்டுவாங்கல்ல, அன்னைக்கு அது எனக்கு ரெண்டு அர்த்தத்துலயும் பொருந்துச்சு.

சரி, காசு குடுத்தே வாங்கிடலாம்னு ரெண்டாவது ஹப்பு. ஆன்லைன்ல பேரு தெரியாத ஒண்ணு, "ஃபிளிப் ஃபிளாப்"னு போட்டிருந்தான், 28 வெள்ளி. ஃபிளிப் ஃபிளாப்னா ரெண்டு பக்கமும் மரை இருக்கும், சக்கரத்த கழட்டி திருப்பிப் போட்டா வேற கியரு, அவ்ளோதான் அர்த்தம். அதுல ஒரு பக்கம் ஃபிக்ஸடு இருந்தே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லங்கறது அப்ப எனக்குத் தெரியல. பார்சல் வந்துச்சு, பிரிச்சேன், ரெண்டு பக்கமும் ஒரே படி, ரெண்டு பக்கமும் ஃப்ரீவீல் மரை. அதாவது நான் தூக்கிப் போட்ட அதே தற்கொலை ஹப்பு, இந்த தடவ ரெண்டு பக்கமும். வித்தவன்கிட்ட கேட்டா ரெண்டு பக்கமும் மரை இருக்குல்ல, நீங்க கேட்டதுதானேங்கறான். அவன் சொல்றதும் ஒரு வகையில சரிதான், அதான் இன்னும் எரிச்சல். திருப்பி அனுப்புற செலவு ஹப்பு வெலைல பாதி வரும்னு விட்டுட்டேன். அதனால போட்டோவ நல்லா பெருசு பண்ணிப் பாருங்க: பல்சக்கரம் உக்கார்ற மரைக்கு வெளிய, அதவிட சின்ன வட்டமா இன்னொரு படி தெரியணும். தெரியலன்னா அது ஃபிக்ஸடு இல்ல, வித்தவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாலும் இல்ல.

மூணாவது வாங்கறதுக்கு முன்னாடிதான் ஒழுங்கா ஸ்கேல எடுத்தேன். ஃப்ரேமோட பின்னாடி ரெண்டு காலுக்கும் நடுவுல, சக்கரம் உக்கார்ற எடத்துல உள்பக்கமா அளக்கணும். ட்ராக் ஹப்பு பெரும்பாலும் 120. பழைய அஞ்சு கியர் வண்டி 120 இருக்கும், ஆறு ஏழு கியர்னா 126, அதுக்கு அப்புறம் வந்த ரோட் பைக்கு 130, மவுண்டன் பைக்கு 135. என்னோடது 126. ஆறு எம்எம் இடைவெளி, பக்கத்துக்கு மூணு எம்எம். ஸ்டீல் ஃப்ரேம்னா நட்டு இறுக்குனாலே மூணு மூணு எம்எம் நெருங்கி வந்துடும், ஒண்ணும் ஆகாது, ஆனா எனக்கு ஃப்ரேம எப்பவும் நெருக்கிப் புடிச்சு வெக்க இஷ்டமில்ல, அதனால அச்சுல ரெண்டு பக்கமும் மூணு மூணு எம்எம் வாஷர் போட்டேன். நோவாடெக்கோட அச்சு அதுக்கு நீளம் பத்துச்சு, நட்டுக்கு வெளிய ரெண்டு சுத்து மரை மிச்சம் நிக்குது. இத வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட அச்சு முழு நீளம் கேட்டு கணக்குப் போட்டுதான் வாங்குனேன். அலுமினியம் கார்பன் ஃப்ரேம்ல இந்த நெருக்குற வேலையே வேணாம், சொல்லிட்டேன்.

வாஷர ரெண்டு பக்கமும் சமமா போட்டதுக்கு காரணம் இருக்கு. ட்ராக் ஹப்புல பல்சக்கரம் வண்டியோட நடு மையத்துல இருந்து 42 எம்எம் தள்ளி நிக்கும். முன்னாடி செயின் வீலும் அதே 42ல இருக்கணும், இல்லன்னா செயின் கோணலா ஓடும், கியர் வண்டில கோணல் பரவால்ல, டீரெய்லர் தாங்கும், ஃபிக்ஸடுல செயின் கழண்டு மாட்டுச்சுன்னா பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கும். பழைய ரெண்டு வீல் கிராங்க்ல பெரிய வீல் இருக்கற எடம் வெளிய தள்ளி இருக்கும், உள்ள சின்ன வீல் போடுற எடம்தான் 42க்கு கிட்ட வரும். நான் வெளி வீல கழட்டிட்டு 46 பல்லு வீல உள்பக்கம் மாட்டி குட்டை போல்ட் போட்டேன், வெர்னியர் வெச்சுப் பாத்தா ஒரு எம்எம்தான் வித்தியாசம், விட்டுட்டேன். சீட் டியூப் 28.6 எம்எம், அதுல பாதி 14.3, டியூப் ஓரத்துல இருந்து பல்லு வரைக்கும் அளந்து 14.3 சேத்துக்கிட்டா கணக்கு வந்துடும்.

இப்ப ஹப்பு. பேரிங் கார்ட்ரிட்ஜ், சீல் பண்ணது, பால்ஸ் பொறுக்கற வேலை இல்ல. பத்து எம்எம் அச்சு, நட்டுக்கு 15 ஸ்பேனர். ரெண்டு பக்கமும் ஃபிளேஞ்சு (போக்ஸ் மாட்டுற வட்டத் தட்டு) சமமா நிக்கறதால சக்கரம் டிஷ் இல்லாம, ஒரு பக்கமா சாயாம நேரா வந்துச்சு, போக்ஸ் எல்லாம் ஒரே நீளம், டென்ஷனும் ரெண்டு பக்கமும் ஒண்ணு. கியர் வண்டி பின் சக்கரம் கட்டுனவங்களுக்குத் தெரியும், வலது பக்கம் வில்லு மாதிரி விறைச்சு நிக்கும், இடது பக்கம் தொளதொளன்னு கெடக்கும், அந்தத் தொல்லையே இல்ல. நானே உக்காந்து கோத்தேன், ஒரு சாயங்காலம், கட்டுன நாள்ல இருந்து ஒரு தடவதான் பெண்டு எடுத்திருக்கேன். ஆனா இதெல்லாம் ரெண்டாம்பட்சம். எனக்கு ஹப்புல புடிச்சது மரைதான். பல்சக்கரத்த கையாலயே கடைசி வரைக்கும் ஏத்தலாம், ஆட்டம் இல்ல, லாக் ரிங்கு படியில முழுசா உக்காருது. சுத்தி விட்டா ஒரு நிமிஷம் சுத்துதான்னு பாத்து ஹப்பு வாங்காதீங்க. கையில வெச்சு சுத்தும்போது இருக்கற வழுக்கல் ரோட்டுல ஒரு பைசா பெறாது.

கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட ஷிமானோ டியூரா ஏஸ் 7600 இருக்கு. ஜப்பான் கெய்ரின் ரேஸுக்கு ஓகே ஆன என்ஜேஎஸ் முத்திரை போட்டது. கெய்ரின் 1948ல கொக்குரால ஆரம்பிச்ச பந்தயம், மேல பெட் கட்டுவாங்க, அதனால யாரும் பொருள்ல வித்தை காட்டக்கூடாதுன்னு ஒவ்வொரு பாகத்துக்கும் முத்திரை. பக்கத்து மலேசியாவோட அசிசுல்ஹஸ்னி அவாங் ரியோ ஒலிம்பிக்ஸ்ல வெண்கலமும் டோக்கியோல வெள்ளியும் வாங்குனது இந்த கெய்ரின்லதான். அந்த ஹப்புல பேரிங் பழைய மாடல், கோனும் பால்ஸும். நான்தான் அவருக்கு ஓவராயில் பண்ணிக் குடுத்தேன், கோன டைட் பண்ணி விட்டதும் வெண்ணெயில சுத்துன மாதிரி சுத்துச்சு, மாமா கடை ஞாபகம் வந்துடுச்சு. அழகுன்னா அதான் அழகு. ஆனா ஃப்ரீவீல் பக்கம் கெடையாது, மழையில ஓட்டுனா அடிக்கடி கழட்டி கிரீஸ் வெக்கணும், வேலைக்குப் போற வண்டிக்கு எனக்கு அது வேணாம். அமெரிக்கா ஃபில் வுட் இன்னொரு ரகம், 1971ல இருந்து சீல்டு பேரிங் ஹப்பு பண்றவங்க, ஆயுசுக்கும் வரும்னு சொல்றாங்க, வரட்டும், 90 வெள்ளி ஃப்ரேமுக்கு அதப் போட்டா கோமணத்துக்கு ஜரிகை போட்ட மாதிரி.

உங்க ஃப்ரேம் 130 இல்ல 135ன்னா 120 ஹப்புல வாஷரா அடுக்காதீங்க, சர்லிங்கற கம்பெனில அந்த அளவுலயே ஃபிக்ஸடு ஹப்பு வந்திருக்கு, அதத் தேடுங்க. இத்தாலி கேம்பக்னோலோ பழைய ஹப்பு செகண்ட் ஹேண்ட்ல கெடச்சா லாக் ரிங்கையும் சேத்தே வாங்குங்க, அவங்க லாக் ரிங்கு மரை 1.32, சாதா 1.29 ரிங்கு அதுல ஏறவே ஏறாது.

இன்னொரு விஷயம், சக்கரம் உக்கார்ற காடி. முன்னாடி பின்னாடி நகத்த முடிஞ்சாதான் செயின் டைட் பண்ண முடியும், பழைய ஸ்டீல் வண்டில சாய்வா நீளமா இருக்கும், அது போதும். புது வண்டில நேரா கீழ எறங்கற காடியா இருந்தா செயின இழுத்து வெக்க வழியே இல்ல, அதுக்கு வொயிட் இண்டஸ்ட்ரீஸ் ஈனோன்னு ஒரு ஹப்பு, அச்சு நடுவுல இல்லாம ஓரமா தள்ளி இருக்கும், ஹப்ப சுத்துனா சக்கரம் முன்ன பின்ன நகரும். மூளையான வேலை, வெலையும் அதுக்கேத்த மாதிரி. டிஸ்க் பிரேக் ஹப்பு சும்மா கெடந்தா, டிஸ்க் மாட்டுற ஆறு போல்ட்ல பல்சக்கரத்த மாட்டி சக்கரத்த திருப்பிப் போடுறதும் உண்டு, மரையே இல்ல, கழளுங்கற பேச்சே இல்ல, செயின் லைன் மட்டும் வெளிய தள்ளிப் போயிடும்.

ஊர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான், அப்பாவோட பழைய கருப்பு சைக்கிள்ல இத மாட்டலாமான்னு. காடி பின்பக்கம் தெறந்திருக்கும், செயின் டைட் பண்றது சுலபம், அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா நம்மூரு ரோட்ஸ்டர்ல பின் சக்கரத்துக்கு 40 போக்ஸ், முன்னாடி 32, ட்ராக் ஹப்பு பெரும்பாலும் 32, 36லதான் கெடைக்கும், ரிம்மையும் மாத்தணும். கேப்பும் 120 இருக்காது, அதவிட கம்மி, ஃப்ரேம விரிக்கணும். தம்பி, அப்பா வண்டிய அப்படியே விட்டுடு.

ஹப்புல மிச்சம் புடிச்ச காச பல்சக்கரத்துலயும் லாக் ரிங்குலயும் போடுங்க. நான் 16 பல்லு ஸ்டீல், கொஞ்சம் நல்லதா வாங்குனேன். மரையில கிரீஸ் தடவி, செயின் விப் (செயின் துண்டு மாட்டுன பல்சக்கர ஸ்பேனர்) வெச்சு இறுக்கிட்டு, அப்புறம் செயின பாட்டம் பிராக்கெட் மேல சுத்தி சக்கரத்தையே நெம்புகோலா வெச்சு திருப்பற ஒரு முறை இருக்கு, அதுல இறுக்குனா கால் பலத்துக்கு அசையவே அசையாது, பெயிண்ட் போகாம துணி சுத்திக்கோங்க. அதுக்கு மேல லாக் ரிங்கு, கொக்கி ஸ்பேனர்ல. ஒரு ஏத்தம் ஏறி மிதிச்சுட்டு வந்து லாக் ரிங்க மறுபடி இறுக்கணும், பல்சக்கரம் மிதிக்க மிதிக்க இன்னும் கொஞ்சம் உள்ள போயிருக்கும், ரிங்குக்கு எடம் விட்டிருக்கும். எனக்கு மொத தடவ கால் சுத்து கூட இறுகுச்சு.

46க்கு 16 போட்டதுல ஒரு கணக்கு இருக்கு. சக்கரத்த பூட்டி தேய்ச்சு நிறுத்துறவங்க இதப் பாத்துக்கணும். 46/16அ சுருக்குனா 23/8, எப்பவும் ஒரே கால முன்னாடி வெச்சுப் பூட்டுறவங்களுக்கு கீழ இருக்கற எட்டுதான் டயர் தேயிற எடங்களோட எண்ணிக்கை. 48க்கு 16னா 3/1, அப்படிப் பூட்டுனா டயர்ல ஒரே எடம்தான் தேயும், நண்பர் ஒருத்தர் ரெண்டே மாசத்துல ஒரு டயர அந்த ஒரு எடத்துலயே நூல் தெரிய வெச்சாரு. 46க்கு 17 போட்டா பதினேழு எடம், சுருங்கவே சுருங்காது. அடுத்த தடவ அதான்.

இப்ப ஒரு மாசமா இடது பக்கம் லேசா ஒரு கரகர சத்தம். தப்பு என்னோடது, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மண்ணுல ஓட்டிட்டு வந்து கார் கழுவுற பிரஷர் பைப்ப நேரா அச்சு பக்கமே அடிச்சுட்டேன், மாமா பாத்திருந்தா தலையில குட்டியிருப்பாரு. பேரிங் ரெண்டும் வாங்கி வெச்சாச்சு, வர்ற ஞாயித்துக்கெழம தட்டி எறக்கிட்டு புதுசு போடணும். சாக்கெட்ல தட்டும்போது வெளி வளையத்துல மட்டும் படணும், உள் வளையத்துல அடிச்சா புது பேரிங்கும் அன்னைக்கே போச்சு.